ஆரணித் தறியும் அபுதாபித் தூதரகமும்

ஆரணிக்குச் சென்றிருந்தோம். கமண்டல நாகநதிக் கரையிலே அமைந்த ஊர். அரிசிக்குப் பெயர் போன ஊர். அதனினும் மேலாகப் பட்டுக்குப் பெயர் போன ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு அங்கேதான் பிறக்கிறது. கூட்டம் முடிய இரவு பத்து மணிக்கு மேலாகிவிட்டது. தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் அந்நேரத்திலும் ஓயவில்லை. முகூர்த்த நாள் நெருங்குகிறது. ஊரார் வீட்டுத் திருமணத்துக்குச் சேலை முடிய வேண்டும். ஆகவே நெசவாளி வீட்டிலே உறக்கம் இல்லை.

அந்தச் சத்தம் திடுமென நின்றது. சற்று நேரத்தில், நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் கையிலே பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றார். உறைக்குள்ளே ஆங்கிலக் காகிதங்கள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இன்டர்வியூ அபுதாபியிலேன்னு போட்டிருக்காம். அவரோ அங்கே வேலை போய் இங்கே வந்துட்டாரு. நாங்களும் இங்கேதான் இருக்கோம். ஊரை மாத்தித் தரேன்னு ஒருத்தர் ரெண்டு லட்சம் கேக்கறாரு. கொடுக்கலாமா, வேண்டாமா?"

இதுதான் கேள்வி. ஐக்கிய நாடுகள் மன்றத்திலே எழுப்பப்படும் கேள்வியல்ல. ஆரணித் திண்ணையிலே எழுந்த கேள்வி. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள்ளே வாஷிங்டன் இருக்கிறது, அபுதாபி இருக்கிறது, மும்பை இருக்கிறது, டில்லியும் இருக்கிறது. சென்னை மட்டும் இல்லை! அது ஏன் இல்லை என்பதைப் பிறகு பேசுவோம்.

முதலில் குடும்பத்தின் கதை. அம்மையாரின் கணவருக்குத் தமையனார் ஒருவர். படித்து, அமெரிக்கா சென்று, அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டார். 2006 ஆம் ஆண்டு தம்பிக்காக மனுச் செய்தார். உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ளும் நாலாம் பிரிவு மனு. அந்தப் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசாக்கள். போதாக்குறைக்கு, எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு. கடல் நடுவே சில ஆயிரம் பேர் வாழும் தீவுக்கும் அதே வரம்பு. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே வரம்பு! விளைவு? 2025 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அமெரிக்க விசா அறிக்கைகளைப் பார்த்தால், இந்தியருக்கான நாலாம் பிரிவு வரிசை 2006-ஐத் தாண்டவில்லை. பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு!

மனுப் போட்ட நாளிலே மூத்த மகளுக்கு நான்கு வயது. இன்று அவள் செய்யாற்றிலே குடும்பம் நடத்துகிறாள். மணமான பிள்ளைக்கு அந்த விசாவிலே இடமில்லை; 21 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்கே இடம். (மனு அலுவலகத்திலே கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடந்தருகிறது, ஆனால் கழுத்திலே ஏறிய தாலியைக் கழிக்க எந்தச் சட்டமும் இல்லை.) மிஞ்சியவன் பதினேழு வயது மகன். தறிக்கூலி வயிற்றுக்குப் போதாமல், தகப்பனார் நாடாவை வைத்துவிட்டுத் துபாய்க்குப் போனார். விண்ணப்பத்திலே துபாய் முகவரியை எழுதினார். எழுதியது உண்மை, அன்று அவர் அங்கேதான் இருந்தார். அதனால்தான் அபுதாபி வந்தது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அயலுறவுத்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2025 நவம்பர் 1 முதல், குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பித்தோரின் நேர்காணல், அவர்கள் வாழும் நாட்டுக்குரிய தூதரகத்திலே நடக்கும். கேட்டுக்கொண்டால், அவர்கள் குடியுரிமை பெற்ற நாட்டுக்குரிய தூதரகத்திலே நடக்கும். வாழும் நாடு அல்லது சொந்த நாடு. மூன்றாம் நாடு கிடையாது! உயிருக்கு ஆபத்தான மருத்துவ நெருக்கடி, மனிதாபிமானக் காரணம் போன்ற அரிய நிலைகளுக்கு மட்டுமே விலக்கு. நேர்காணல் நாள் குறிக்கப்பட்ட பிறகு இடத்தை மாற்ற வேண்டுமானால், தூதரகத்தின் கதவைத் தட்டிப் பயனில்லை. அமெரிக்காவிலுள்ள தேசிய விசா மையத்துக்கு அதன் விசாரணைப் படிவத்தின் வழியே எழுத வேண்டும். கேட்கும் ஆவணத்தைக் காட்ட வேண்டும். அந்தப் படிவத்துக்குக் கட்டணம்? ஒரு காசு இல்லை!

ஒரு காசு கேட்காத படிவத்துக்கு இரண்டு லட்சம் கேட்கிறான் தரகன். ஊடையே போடாமல் ஒருவன் சேலைக்கு விலை பேசினால் ஆரணிக்காரர் சிரிப்பார்கள். காகிதம் ஆங்கிலத்தில் இருப்பதால் சிரிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

அம்மையாரிடம் நாம் சொன்னது இதுதான்: "ஐயா இப்போது ஆரணியில் இருக்கிறார், கையிலே இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. வாழும் நாடும் இந்தியா, சொந்த நாடும் இந்தியா. அபுதாபியிலிருந்து மும்பைக்கு மாற்றிக் கேட்க அவருக்கு முழுத் தகுதி உண்டு. அமெரிக்காவிலிருக்கும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்கலாம்."

"கொழும்பு வழியாப் போனா சீக்கிரம் முடியும்னு சொன்னாரே?"

இந்தப் புரட்டைத்தான் சற்று விரிவாகவே உடைக்க வேண்டியிருக்கிறது. இது ஆரணியோடு நிற்கும் புரட்டல்ல. வாணியம்பாடியிலும் கேட்கிறோம், கீழக்கரையிலும் கேட்கிறோம். தூதரகத்தை மாற்றினால் வரிசை சுருங்கும் என்று நம்புகிறார்கள். சுருங்காது, தோழர்களே! வரிசை தூதரகத்தைப் பார்த்து நிற்பதல்ல. விண்ணப்பித்தவர் பிறந்த மண்ணைப் பார்த்து நிற்பது. ஆரணியிலே பிறந்தவன் அபுதாபியில் நின்றாலும், கொழும்பில் நின்றாலும், வடதுருவத்துக்கே போய் நின்றாலும் அவன் இந்திய வரிசையிலேதான் நிற்கிறான். கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டிலே பிறந்தவராயிருந்தால், அந்த நாட்டுக் கணக்கிலே இருவரையும் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. மலேசியாவிலே பிறந்த பெண்ணை மணந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. அதற்கும் தூதரகத்துக்கும் தொடர்பில்லை. கொழும்பு விஷயத்திலோ பேச்சுக்கே இடமில்லை: இந்தக் குடும்பம் அங்கே வாழவுமில்லை, அந்நாட்டுக் குடிமக்களுமல்ல.

மாற்றம் கேட்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மருத்துவச் சோதனையை நேர்காணல் நடக்கும் நாட்டிலே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடமே பொதுவாகச் செய்துகொள்ள வேண்டும். அபுதாபிக்கென்று ஒரு முறை, மும்பைக்கென்று மறுமுறை என இரட்டைச் செலவு செய்தவர்கள் உண்டு. இடம் உறுதியான பிறகே சோதனை. காவல்துறைச் சான்றோ இங்கிருந்தும் வேண்டும், ஓராண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். வளைகுடாவை விட்டு வருகிறவர்கள் விமானம் ஏறுமுன் அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நலம். வந்த பிறகு வாங்குவது பெரும்பாடு.

ஆக, அம்மையாரின் சிக்கல் தீரக்கூடியதே. தரகனுக்கு இரண்டு லட்சமும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம். இவ்வளவு சொன்ன பிறகு அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். அதற்குத்தான் நம்மால் விடை சொல்ல முடியவில்லை.

"மெட்ராசிலேயே அமெரிக்கா ஆபீசு இருக்குதேண்ணே, அங்கே ஏன் கூடாது?"

ஏன் கூடாது?

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததல்ல. 1794 ஆம் ஆண்டிலேயே, வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்த நாளிலேயே, சென்னப்பட்டினத்துக்கு அமெரிக்கா தன் முகவரை அமர்த்தியது. அன்றைய மவுண்ட் ரோட்டிலே, ஜெமினி முனையிலே இன்றும் நிற்கும் துணைத் தூதரகக் கட்டடம் 1969 ஜனவரியிலே திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிஞர் அண்ணா, யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று வந்தார். கணினிப் பொறியாளர்களுக்கான பணி விசாக்களை வழங்குவதிலே உலகின் முன்வரிசைத் தூதரகங்களில் ஒன்றாக எழுந்தது இதே சென்னைத் துணைத் தூதரகம். ஒரு காலத்தில் குடியேற்ற விசா நேர்காணலும் இங்கேயே நடந்தது. பிறகு அந்தப் பணி மும்பைக்குப் போயிற்று. கணினி தட்டப் போகிறவனுக்குச் சென்னை. குடும்பத்தோடு குடியேறப் போகிறவனுக்கு மும்பை! மருத்துவச் சோதனையைச் சென்னையில் செய்துகொள்ளலாம். மூன்று நிமிடக் கேள்விக்கு மும்பையிலே போய் நிற்க வேண்டும்!

ஆரணியிலிருந்து சென்னை மூன்று, நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். மும்பைக்கோ இரயிலில் ஒரு பகலும் ஓரிரவும். போக வர, தங்க, உண்ண, மொழி தெரியாத ஊரிலே பாந்த்ரா-குர்லா வளாகத்தைத் தேடி அலைய! ஒரு பட்டுச் சேலைக்குப் பாவு பிணைத்து, அச்சிலே கோத்து, இரவும் பகலும் நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும், அதற்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு என்று ஆரணிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் மும்பை சென்று திரும்பினால் எத்தனை சேலை போயிற்று என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அந்த அம்மையார் நம் முன்னாலேயே விரல் மடித்துப் போட்டார்.

அமெரிக்கா தன் வாசலை எங்கே திறக்கிறது என்பது அமெரிக்காவின் உரிமை. அதை மறுப்பார் இல்லை. அந்த வாசலும் எளிதில் திறந்த வாசலல்ல. 1917 ஆம் ஆண்டில் ஆசியர்க்கு வேலி கட்டினார்கள். 1923 ஆம் ஆண்டில் பகத்சிங் தீண்ட் என்பார் வழக்கிலே, இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946 ஆம் ஆண்டில் மனமிரங்கி ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்றார்கள். நாடு முழுமைக்கும் நூறே பேர்! 1965 அக்டோபர் 3 ஆம் நாள் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் பின்னரே, உடன்பிறந்தாரை அழைத்துக்கொள்ளும் பாதை நமக்கும் உண்மையாகத் திறந்தது. அந்தப் பாதையிலேதான் நம் ஆரணிக் குடும்பம் பத்தொன்பது ஆண்டு நின்றது.

ஆனால் கேட்பது நம் உரிமையல்லவா? வேண்டுகோள் விடுத்தால் எதுவும் அசையாது என்பதும் உண்மையல்ல. 2017 ஆம் ஆண்டில் ஹவானாத் தூதரகத்திலே ஆட்குறைப்பு நேர்ந்தபோது, கூபா மக்களின் குடியேற்ற நேர்காணலை முதலில் பொகோட்டாவுக்கும், 2018 இல் கயானாவின் ஜார்ஜ்டவுனுக்கும் மாற்றினார்கள். பின்னர் ஹவானாவிலேயே மீண்டும் தொடங்கினார்கள். 2021 இல் ருசியருக்கு வார்சா என்றார்கள். ஏமன் நாட்டாருக்கு ஜிபூட்டி. ஏன், நமக்கே 2023 பிப்ரவரியில் என்ன சொன்னார்கள்? சுற்றுலா விசாவுக்கு இந்தியாவில் காத்திருப்பு நீண்டுவிட்டது. தாய்லாந்து செல்வோர் பாங்காக்கிலேயே விண்ணப்பிக்கலாம் என்று டில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகமே அறிவித்தது! 2025 செப்டம்பரில் அந்தக் கதவையும் சாத்தினார்கள்: வாழும் நாடு, இல்லையேல் சொந்த நாடு. தேவை என்றால் நாடு விட்டு நாடே மாற்ற முடிகிறது. நாம் கேட்பதோ ஒரே நாட்டுக்குள்ளே மும்பையிலிருந்து சென்னைக்கு!

கேட்க வேண்டியவர் யார்? இங்கேதான் டில்லி வருகிறது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மத்தியப் பட்டியல்: 11 ஆம் இனம், தூதரக உறவு, 19 ஆம் இனம், குடியகல்வு, கடவுச்சீட்டு, விசா. எல்லாம் டில்லியின் பெட்டிக்குள்ளே! போகிறவன் தமிழன், அவன் விட்டுச் செல்லும் தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு, அவன் வேலையிழந்து திரும்பினால் தாங்கிக்கொள்வதும் தமிழ்நாடு. ஆனால் "என் மக்களுக்கு என் ஊரிலே நேர்காணல் நடத்து" என்று வெளிநாட்டோடு முறையாகப் பேசும் அதிகாரம் தமிழ்நாட்டுக்கு இல்லை. 1969 இல் கலைஞர் அமைத்த இராஜமன்னார் குழு மத்திய மாநில உறவை ஆராய்ந்து 1971 இல் அறிக்கை தந்தது. மாநில சுயாட்சி என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று எள்ளி நகையாடியவர்கள், ஆரணித் திண்ணைக்கு வந்து அந்த அம்மையாருக்குப் பதில் சொல்லட்டும்.

மாநிலம் தன் வரம்புக்குள் செய்யக்கூடியதைச் செய்யாமலும் இல்லை. வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011 இல் கழக ஆட்சியிலே வந்தது. 2021 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அயலகத் தமிழர் நல வாரியத்தை அறிவித்தார்; ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்றார். நல்லவை. ஆனால் நம்மவர் செயல் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விடமாட்டோம்: சென்னையிலே இருக்கும் வாரியம் ஆரணித் திண்ணைக்குத் தெரியவில்லை, தரகனைத் தெரிந்திருக்கிறது! வட்டாட்சியர் அலுவலகத்திலே வாரம் ஒரு நாள், ஆங்கிலக் காகிதத்தைப் படித்துத் தமிழிலே சொல்ல ஓர் ஆள் அமர்ந்தால், எத்தனையோ இரண்டு லட்சங்கள் வீடுகளிலேயே தங்கும். இதற்கு டில்லியின் அனுமதி தேவையில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. இதே திருவண்ணாமலை மாவட்டத்திலே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கு மேற்பட்டோர். இவர்களில் பலருக்கு அண்ணன் கனடாவில், அக்காள் அமெரிக்காவில், மாமன் பிரான்சில். முகாமிலே பிறந்து வளர்ந்த இளைஞனை எண்ணிப் பாருங்கள். 1987 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, தாய் தகப்பன் இருவரும் அயல்நாட்டாராயின் இந்த மண்ணிலே பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடையாது, ஆகவே டில்லி சொல்கிறது, "நீ இந்தியனல்ல." 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே பாகிஸ்தானுக்கும் வங்காளதேசத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடமிருந்தது, இலங்கைத் தமிழனுக்கு இடமில்லை. அமெரிக்க வரிசையோ பிறந்த மண்ணைப் பார்ப்பது, ஆகவே பொதுவாக அது சொல்கிறது, "நீ இந்தியாவிலே பிறந்தவன், இந்தியர் வரிசையிலே நில்." உரிமைக்கு இந்தியன் அல்ல, காத்திருக்க மட்டும் இந்தியன்! சொந்த நாட்டிலே நேர்காணல் என்றால் அவன் கண்டறியாத கொழும்பு. வாழும் நாட்டிலே என்றால் மும்பை; முகாமை விட்டுப் பல நாள் அகல அதிகாரியின் அனுமதி. நாட்டை விட்டுப் போவதற்கும் இங்கே அனுமதி வாங்கியாக வேண்டும்.

தமிழனை எண்ணிக்கையாகப் பார்ப்பது டில்லிக்குப் பழகிப்போன கலை. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்! ஆட்டுச் சந்தையிலே கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழரை யாரும் கேட்கவில்லை, எங்கே வாழ விரும்புகிறாய் என்று.

ஆரணியில் ஒரு செய்தி கவனித்தோம். அங்கே தறியில் அமர்ந்திருப்பவர்களில் சௌராட்டிரக் குடும்பங்களும் உண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வடமேற்கிலிருந்து பட்டு நூலோடு புறப்பட்டு, ஊர் ஊராய்க் கடந்து, தமிழகத்திலே தறி நட்டவர்கள். அவர்களை எந்தத் தூதரகமும் நேர்காணவில்லை. நெய்யத் தெரியுமா என்று மட்டுமே இந்த மண் கேட்டது. இன்று அதே ஊர்த் தறிக்காரர், கூலி கட்டாமல், அபுதாபிக்கும் அமெரிக்காவுக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு நிற்கிறார். 1953 ஆம் ஆண்டில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் வாடியபோது, கழகத்தவர் தோளிலே சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். நெசவாளி நாட்டை விட்டே போக நினைப்பதற்கு விசாச் சட்டம் காரணமல்ல. அதைத் தனியே எழுத வேண்டும், எழுதுவோம்.

நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் இரண்டு கேள்விகளை அயலுறவு அமைச்சர் முன் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். குடியேற்ற விசா நேர்காணலை மீண்டும் சென்னையில் நடத்துமாறு அமெரிக்க அரசிடம் இந்திய அரசு எப்போதேனும் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் வந்த பதில் என்ன? கேட்கவில்லையென்றால் எந்த நாளில் கேட்கப் போகிறார்கள்? இரண்டு என்று சொல்லி மூன்று கேட்டுவிட்டோம். பரவாயில்லை, மூன்றையும் வைக்கட்டும்.

அம்மையார் காகிதங்களை உறைக்குள் திரும்ப வைத்தார். அண்ணனுக்கு நியூஜெர்சியில் அப்போது பகல் வேளை. கணவரை அழைத்து உடனே தொலைபேசியில் பேசச் சொன்னோம். அவர்கள் பேசத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் அடுத்த வீட்டுத் தறி மறுபடியும் ஓடத் தொடங்கிற்று.